வேறு விசேஷம் இல்லை

கைப்பிடி மீட்டர் பத்தொன்பது கிலோ என்று காட்டியது. தணிகாசலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு தரம் அழுத்தினார். பதினெட்டரை. மூன்றாவது வாய்ப்பு கேட்டதற்கு, சோதனைக்கு வந்திருந்த இளமாறன், கை இன்னும் சோர்ந்துதான் போகும் ஐயா என்று தன்மையாகச் சொல்லிக் கருவியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

இருபத்துநான்கு வேண்டும். சட்டம் அப்படி. எழுந்து நடமாட முடியாதவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவருக்கு, தூக்கி இறக்கத் தெம்பு இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து பார்ப்பார்கள். வயதான கணவன் வயதான மனைவியைத் தூக்கப்போய் இருவருமாக விழுந்து, இரண்டு நாள் கழித்து அக்கம்பக்கத்தார் கதவை உடைத்த கதைகள் ஊருக்கு ஊர் நடந்த பிறகு வந்த சட்டம் அது. நல்ல சட்டம்தான். நல்ல சட்டத்திடம் ஒரே ஒரு தொல்லை, அதோடு சண்டை போட முடியாது.

அடுத்த சோதனையிலும் தேறாவிட்டால் சம்பூரணத்தைப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். சம்பூரணம் அவர் மனைவி. நான்கு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை, அது எந்தக் காலத்தில் விழும் என்று தணிகாசலம் கேலி செய்வார். ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பியபோது அவள் சொன்ன முதல் வார்த்தையே, "என்னை எங்கயும் அனுப்பிடாதீங்க" என்பதுதான். அவளுடைய அக்கா அப்படியோர் இல்லத்தில்தான் கடைசி நாட்களைக் கழித்தாள். குழந்தை குட்டி இல்லாத வீடு. அனுப்பினால் அவளுக்கு அங்கே யாருமில்லை, அவருக்கு இங்கே யாருமில்லை.

விழுப்புரம் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில் முப்பத்துநான்கு வருஷம் பாய்லர் பார்த்தவர் தணிகாசலம். காலையில் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சமையலறை வாசலில் இருக்கும் நாற்காலியில் உட்கார வைப்பார். தூக்கும்போது, "ஒண்ணு, ரெண்டு, ஸ்டீம்" என்பார். நான்கு வருஷமாகத் தினமும் சொல்கிற அதே சொத்தை நகைச்சுவைக்கு அவளும் தினமும் சிரிப்பாள். பிறகு அங்கே உட்கார்ந்துகொண்டு, புளி அதிகம், உப்பு போதாது, அடுப்பைக் குறைங்க, இது பாய்லர் இல்லை என்று அதிகாரம் செய்வாள். அந்த அதிகாரத்துக்காகத்தான் அவர் காலையில் எழுந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

எழுபத்தொரு வயது. தூக்கம் என்று பெயர்தானே ஒழிய, கோழித்தூக்கம். விடிந்து எழும்போது முந்தின நாள் அலுப்பு அப்படியே இருக்கும். ஒரு மாதம் முட்டை தின்றார், ஊறவைத்த கொண்டைக்கடலை தின்றார், ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி உள்ளங்கை கன்றிப்போயிற்று. சுகாதார நிலையத்தில் போய் அழுத்திப் பார்த்தால் பத்தொன்பதரை. அங்கிருந்த டாக்டர் பெனடிக்டாதான் அவரை உட்காரச் சொல்லி விஷயத்தை விளக்கினார்.

"உங்க கையில கோளாறு இல்லைங்கய்யா, தூக்கத்துல இருக்கு. ஆழ்ந்த தூக்கத்துல உடம்பு ரெண்டு வேலை பாக்குது. தசையைப் பழுது பாக்கும், மனசையும் பழுது பாக்கும். சின்ன வயசுல அந்தத் தூக்கம் ரெண்டு மணி நேரம் இருக்கும், ரெண்டுக்கும் தாராளம். உங்களுக்கு மிச்சம் இருக்கறது இருபது நிமிஷம். அதுவும் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போவுது."

மேஜைமேல் ஒரு தலைப்பட்டை இருந்தது. சாம்பல் நிறம், இரண்டு விரல் அகலம். படுக்கும்போது இதைக் கட்டிக்கொண்டால் அந்த இருபது நிமிஷத்தையும் ஒரே பக்கம் திருப்பிவிடலாம் என்றார் டாக்டர். வீட்டில் நோயாளியைப் பராமரிக்கிறவர்களுக்கென்றே அரசாங்கம் கொடுப்பது.

தணிகாசலத்துக்கு இது சட்டென்று பிடிபட்டது. "ஒரே ஸ்டீம், ரெண்டு லைன். ஒரு வால்வை மூடிட்டா இன்னொண்ணுக்கு முழு பிரஷர் கிடைக்கும். அதானே?"

"அதேதான்."

"மூடின லைன் என்னாவும்?"

"ஆறிப்போகும். அறிவு, ஞாபகம் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனா ஆசை, கவலை, கோவம் எதுவும் பெருசா தோணாது. பட்டையைக் கழட்டினா ரெண்டு மூணு வாரத்துல திரும்பிடும். தெம்பும் அதோட இறங்கிடும்."

"அவளை மறந்துடுவேனா?"

"மறக்க மாட்டீங்க. எல்லாம் ஞாபகம் இருக்கும். கூட இருக்கறவங்களுக்கு அதுதான் கஷ்டம்."

முதல் மாதத்துக்குள் எதிலும் ஈடுபாடு குறைந்துவிடும், அதனால் செய்ய வேண்டியதையெல்லாம் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் டாக்டர் சொன்னார். தணிகாசலம் சிரித்துவிட்டார். எழுதி வைப்பதைப் பற்றி அவருக்கா பாடம்? ஒவ்வொரு ஷிப்ட் முடியும்போதும் அடுத்து வருகிற ஆளுக்கு லாக் புத்தகத்தில் எழுதி வைத்தே காலத்தை ஓட்டியவர். இந்த முறை அடுத்து வரப்போகிற ஆளும் அவரேதான், வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே புது நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மூத்த ஆபரேட்டர் இருதயராஜ் சொல்லிக்கொடுத்தது அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. காரணம் எழுதாதே. வருகிறவனுக்கு உன் கதையைப் படிக்க நேரமில்லை. எத்தனை மணிக்கு என்ன செய்யணும், அதை மட்டும் எழுது. முடிவில் "வேறு விசேஷம் இல்லை" என்று போட்டுக் கையெழுத்துப் போடு. அந்த முறைப்படியே எழுதினார். ஆறு மணி, மாத்திரை. ஆறரை, தூக்கி உட்கார வைக்கவும். எட்டு, பத்து, பன்னிரண்டு, புரட்டிப் படுக்க வைக்கவும். முதுகில் பவுடர். இடது தோளைப் பிடித்துத் தூக்கவும், வலது தோளைத் தொடக்கூடாது. சாதம் குழைய வேண்டும். நான்கு பக்கம் வந்தது.

என்ன அவ்வளவு எழுத்து என்று சம்பூரணம் கேட்டாள். முழுவதையும் படித்துக் காட்டினார், ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லச் சொன்னார்.

"என்னைப் பத்தி ஒண்ணும் எழுதலையே" என்றாள்.

"பூரா உன்னைப் பத்திதான்டி" என்றார் அவர்.

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே வற்புறுத்திக் கேட்டிருக்கலாம். ஆனால் தன்னை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதுங்கள் என எந்தப் பெண் புருஷனிடம் வாய்விட்டுக் கேட்பாள்? தணிகாசலம் கடைசி வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பட்டை வேலை செய்தது. மூன்றாவது வாரமே தண்ணீர்க் குடத்தை ஒரு கையால் தூக்கினார். படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ஒருநாள் தெருவில் நின்றுபோன பால் வண்டியைத் தனியாளாகத் தள்ளிவிட்டதைப் பார்த்து, பெரியவருக்குப் பதினாறு வயது திரும்பிவிட்டது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். சம்பூரணத்தைத் தூக்குவது இப்போது தலையணையைத் தூக்குவது மாதிரி இருந்தது. எந்த வேலையும் ஒரு நிமிஷம் பிந்தவில்லை. அவள் முதுகில் இருந்த பழைய புண்கூட ஆறிவிட்டது. குறை சொல்ல ஓர் இடம் கிடையாது.

ஒருநாள் காலை அவர் பேசாமல் தூக்கி உட்கார வைத்தபோது, "ஸ்டீம் சொல்லலையா?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். முன்பெல்லாம் சொன்னது ஞாபகம் இருந்தது. அது எதற்கென்று தெரியவில்லை. "சொல்லணும்னா எழுதிக்கிறேன்" என்று நோட்டை எடுத்து, ஆறரை மணி வரிக்குப் பக்கத்தில், தூக்கும்போது ஒண்ணு ரெண்டு ஸ்டீம் என்று சொல்லவும் என எழுதிக்கொண்டார். மறுநாளிலிருந்து தவறாமல் சொன்னார். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற குரலில் சொன்னார். அவள் முதல் இரண்டு நாள் சிரிக்கப் பார்த்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

சமையலில் அவள் குறை சொல்வதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோயிற்று. உப்பு போதாது என்றால் அவர் மறுபேச்சில்லாமல் போட்டுவிடுவார். முணுமுணுக்க மாட்டார், எதிர்த்துச் சொல்ல மாட்டார். அப்படிப்பட்ட ஆளிடம் எவ்வளவு நாள்தான் அதிகாரம் செய்வது? அந்த மாதம் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது. "10.20, அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். 10.35, நின்றது. வேறு விசேஷம் இல்லை."

இளமாறன் இரண்டாவது சோதனைக்கு வந்தான். தணிகாசலம் மீட்டரைச் சும்மா பிடிப்பதுபோல் பிடித்து அழுத்தினார். முப்பத்தொன்று. பையனுக்கு அவரைவிடச் சந்தோஷம். அவரைவிட என்பது சரியில்லை, அங்கே சந்தோஷப்பட்டது அவன் ஒருவன்தான். அம்மா, ஐயா ஜெயிச்சுட்டார் என்று சம்பூரணத்தைப் பார்த்துச் சொன்னான். பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தான். தேறியவர்கள் மட்டும் நிரப்ப வேண்டியது. பெயர், வயது, எடை, கடைசியில் ஒரு கேள்வி. இவரை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க நீங்கள் விரும்புகிறீர்களா? ஆம், இல்லை.

"எல்லாரும் பாக்காமலே டிக் பண்றதுதான் ஐயா. ஆம்ல ஒரு டிக் போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றான்.

தணிகாசலம் பேனாவை வாங்கினார். கேள்வியை இரண்டு தரம் படித்தார். பிறகு எழுந்துபோய் நோட்டை எடுத்து வந்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். விரலை வரிமேல் வைத்து நான்கு பக்கத்தையும் பார்த்தார். அவர் ஒரு நாளும் பொய் லாக் எழுதியவர் இல்லை, மீட்டரில் இல்லாத எண்ணைப் போட்டவர் இல்லை.

"இதுல அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையே" என்றார்.

இளமாறனுக்குப் புரியவில்லை. சம்பூரணத்துக்குப் புரிந்தது. நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டாள். குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"நோட்டை விடுங்க. உங்களுக்கு என்னா தோணுது?"

அவர் தன் மனசுக்குள் தேடித்தான் பார்த்தார். கல்யாணம் ஞாபகம் வந்தது. கலைந்துபோன இரண்டு கர்ப்பம் ஞாபகம் வந்தது. ஆலையிலிருந்து கரி படிந்து வரும்போது அவள் வெந்நீர் வைத்துக்கொண்டு காத்திருந்தது ஞாபகம் வந்தது. எல்லாம் வரிசையாக வந்தன, வேறு யாருடைய லாக் புத்தகத்தையோ படிப்பதுபோல இருந்தது. இல்லத்தில் தூக்குவதற்கு எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள், டாக்டர் அங்கேயே இருப்பார் என்பதும் ஞாபகம் வந்தது.

"ஒண்ணும் தோணலை" என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை, அழவில்லை. "அப்போ அனுப்பிடுங்க" என்றாள்.

இளமாறன் பதறிப்போனான். அவசரமில்லை ஐயா, ஒரு வாரம் யோசியுங்கள், நான் திரும்ப வருகிறேன் என்று படிவத்தை வாங்கப் பார்த்தான். யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை என்றார் தணிகாசலம். அது உண்மை. பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி அழகாக டிக் செய்து கையெழுத்துப் போட்டார்.

வண்டி மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தது. உதவிக்கு வந்த இருவர் ஸ்டிரெச்சரை இறக்குவதற்குள், தேவையில்லை என்று அவரே அவளை அள்ளி எடுத்துப் படியிறங்கினார். தூக்கும்போது, "ஒண்ணு, ரெண்டு, ஸ்டீம்" என்றார். எழுதியிருந்ததே. அவள் முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொண்டதால் அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. நான்கு பக்கத்தையும் ஒரு நகல் எடுத்து வண்டியில் வந்த ஆளிடம் கொடுத்து, வலது தோளைத் தொடக்கூடாது என்று ஒரு தரம் வாயாலும் சொன்னார். ஷிப்டை ஒழுங்காக ஒப்படைத்துவிட்ட திருப்திகூட அவருக்கு இல்லை. உள்ளே போய்ச் சாப்பிட்டார்.

பராமரிக்க ஆள் இல்லாத வீட்டுக்குப் பட்டை எதற்கு? அன்று சாயங்காலமே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பதினேழாவது நாள் மத்தியானம் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். உப்பு தூக்கலாக இருந்தது. போச்சு, இன்னிக்கு மண்டகப்படிதான் என்று நினைத்துக்கொண்டே சமையலறை வாசல் பக்கம் திரும்பினார். நாற்காலி காலியாக இருந்தது.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. அடுப்பை அணைத்தார். கரண்டியை வைத்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து, அவள் கால் வைக்கும் மரப்பலகையைக் கட்டிக்கொண்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். அந்த இரண்டரை மாதம் அழ வேண்டியது எல்லாம் எங்கேயோ சேர்ந்து கிடந்ததுபோல் ஒட்டுமொத்தமாக வந்தது. "ஒண்ணும் தோணலை" என்று தான் சொன்ன குரல், சொன்னபடியே காதில் கேட்டது. டாக்டர் சொன்னது சரி, எதுவும் மறக்கவில்லை.

முகத்தைக்கூடக் கழுவாமல் சுகாதார நிலையத்துக்கு ஓடினார். டாக்டர் பெனடிக்டா அவரைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் மீட்டரைக் கையில் கொடுத்தார். இருபத்தைந்து. பாக்கியிருந்த பலம் அவ்வளவுதான், இனி தினம் ஒரு கிலோ என்று இறங்கும். இன்றைக்கோ நாளைக்கோ திரும்ப எழுதிக் கொடுத்தால் அவளை வீட்டுக்கு அழைத்து வரலாம், பட்டையும் கிடைக்கும். இந்த முறை கொஞ்சம் குறைத்து, இரண்டு பக்கமும் போகிற மாதிரி வைத்துத் தருகிறேன் என்றார் டாக்டர். ஒரே ஒரு விதி. அழைத்துப்போகச் சம்பூரணம் அம்மா சம்மதிக்க வேண்டும், அவர் கைநாட்டு வேண்டும்.

"திட்டுவாங்க ஐயா. பொறுத்துக்கோங்க" என்று சொல்லிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

திட்டட்டும் என்றுதான் தணிகாசலமும் வேண்டிக்கொண்டு போனார். மூஞ்சியில் விழிக்காதே என்று சொல்லட்டும், இடது கையால் அறையட்டும், காலில் விழுந்து கிடப்போம், எப்படியும் கடைசியில் வருவாள், அவள் எங்கே போவாள் என்று பஸ்ஸில் போகும்போது மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு இல்லத்தில் போய் நின்றார். சட்டைப்பையில் சான்றிதழும் சம்மதப் படிவமும், கையில் அந்த நோட்டும் இருந்தன. நோட்டின் ஐந்தாவது பக்கத்தில், எழுதாமல் விட்டதையெல்லாம் எழுதியிருந்தார். இருதயராஜ் பார்த்தால் கிழித்துப் போட்டிருப்பார்.

சுத்தமான இடம். ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. இருபது கட்டில்களில் இருபது பேர், எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். பதினான்காவது கட்டிலில் சம்பூரணம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பூ வைத்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்க. சாப்பிட்டீங்களா?" என்றாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டார். பஞ்சுபோல இருந்தது, பிடிமானமே இல்லை. நான் பண்ணினது மன்னிக்கிற காரியம் இல்லை, அந்தப் பட்டை என்று தொடங்கி, குழறிக் குழறி எல்லாவற்றையும் சொன்னார். ஐந்தாவது பக்கத்தைப் படித்துக் காட்டினார். நிறுத்தி நிறுத்திப் படித்து முடித்தார். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"பரவாயில்லைங்க" என்றாள்.

அப்போதுதான் அவள் நெற்றியைப் பார்த்தார். வகிட்டுக்குக் கீழே, பட்டை அழுத்திய தடம் இரண்டு விரல் அகலத்துக்கு லேசாகப் பதிந்திருந்தது.

அங்கே நின்ற நர்ஸிடம் கேட்டார். அவள் கூச்சமில்லாமல் விளக்கினாள். "இங்க எல்லாருக்கும் போடறதுதான் ஐயா. தூக்க நாங்க இருக்கோம், இவங்களுக்குத் தெம்பு எதுக்கு? அதனால முழுசையும் மனசு பக்கம் திருப்பி வெச்சுடுவோம். எந்த வருத்தமா இருந்தாலும் ராத்திரியோட ஆறிடும். வந்த புதுசுல அம்மா ரொம்ப அழுதாங்க, சாப்பிடவே மாட்டேன்னாங்க. இப்ப பாருங்க, எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க. இங்க யாரும் அழறதில்ல."

எத்தனை நாள் அழுதாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. படிவத்தை எடுத்துச் சம்பூரணத்தின் மடியில் வைத்தார்.

"வீட்டுக்குப் போலாம் சம்பூரணம். உன் நாற்காலி அங்கியேதான் இருக்கு. ஒரு கைநாட்டு வை, போதும்."

அவள் படிவத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் இல்லை, வீம்பு இல்லை.

"எதுக்குங்க? இங்க நல்லாத்தானே இருக்கு."

"என்னைத் திட்டு. நாலு வார்த்தை திட்டிட்டு வா."

"உங்களை எதுக்குத் திட்டறேன்? நீங்க நல்ல மனுஷர்" என்றாள் அவள்.

அவருக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்து, முன்போலவே அவள் இடது தோளுக்கு அடியில் கை கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு, ஸ்டீம்" என்றார். இந்த முறை உயிரையே அதில் வைத்துச் சொன்னார். சம்பூரணம் சிரித்தாள். நல்ல சிரிப்பு, குறை ஒன்றும் இல்லை. அவர் அவளைத் திரும்பச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது, அவள் அதே சிரிப்போடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே ஷிப்ட் மாறியது. அவர் அதுவரை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் நின்றபடியே பதிவேட்டைத் திறந்து, அடுத்து வருகிறவளுக்காக எழுதினாள். முப்பத்துநான்கு வருஷப் பழக்கம், அவருக்குத் தலைகீழாகவும் படிக்க வந்தது.

"படுக்கை 14. மருந்து கொடுத்தாயிற்று. நன்றாக இருக்கிறார். 11.40, பார்க்க வந்தவர் அழுதார். தண்ணீர் கொடுத்தோம். வேறு விசேஷம் இல்லை."